மகள் சொன்ன மேரி கியூரி: வார்சாவிலிருந்து பாரிஸ் வரை

செவ்வாய், வார்சா

ஃப்ரெட்டா தெரு, 16ஆம் எண். மேரி கியூரி பிறந்த வீடு என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் இதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அவர் பிறந்த கட்டடம் 1944லேயே நகரத்தோடு சேர்ந்து போய்விட்டது. வார்சா எழுச்சியை அடக்கிய ஜெர்மானியப் படை தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடி வைத்தும் ஊரைத் தரைமட்டமாக்கியது. இப்போது நிற்பது 1950களில் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழைய நகரமும் அப்படித்தான். சதுக்கத்தில் நின்று பார்த்தால் பதினேழாம் நூற்றாண்டு மாதிரி இருக்கும். உண்மையில் என் அப்பா வயசுக் கட்டடங்கள். இவ்வளவு நேர்த்தியாக மீட்டெடுத்ததற்காகவே 1980ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அத்தையும் கூட வந்திருக்கிறார். மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கெங்கே போக வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். டிக்கெட், ஓட்டல் இதெல்லாம் என் பொறுப்பு. இருவருக்கும் பொதுவாக ஒரு புத்தகம்: மேரியின் இளைய மகள் ஈவ் எழுதி 1937ல் வந்த வாழ்க்கை வரலாறு. பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்னும் பல நாடுகளிலும் ஒரே நேரத்தில் வெளியாகி, பரிசு வாங்கி, 1943ல் ஹாலிவுட் படமாகவும் ஆனது. மேரி கியூரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அங்கிருந்து கசிந்து வந்ததுதான்.

அருங்காட்சியகம் 1967ல், மேரியின் நூற்றாண்டில் திறந்தது. அம்மா பிரோனிஸ்வாவா இதே முகவரியில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி நடத்தினார், வீடும் அங்கேயே. 1867 நவம்பர் 7ல் மரியா (பின்னாளில் மேரி) பிறந்தார், ஐந்தில் கடைசி. அடுத்த ஆண்டே குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அப்பா இயற்பியல், கணித ஆசிரியர். ரஷ்யப் பேரரசின் பிடியில் போலந்து இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் போலிஷ் மொழியில் வரலாறு சொல்லிக் கொடுப்பதே குற்றம்.

இந்த இடத்தில் ஈவ் எழுதும் ஒரு காட்சி பிரபலமானது. ரஷ்ய ஆய்வாளர் பள்ளிக்குள் நுழைகிறார். மணிச் சைகை கேட்டதும் போலிஷ் புத்தகங்களை மறைத்துவிட்டுப் பெண்பிள்ளைகள் தையல் துணியைக் கையில் எடுக்கிறார்கள். கேள்விகளுக்கு ரஷ்ய மொழியில் பதில் சொல்லக் குட்டி மரியாவை எழுப்பி நிறுத்துகிறார்கள். அத்தை ஒரு படத்தின் முன் நின்றபடியே சொன்னார்: "இதை வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன்டா. பாடப்புத்தகத்துல இருந்துச்சா, நானே எங்கயாச்சும் படிச்சேனான்னு கூட ஞாபகம் இல்ல. கடைசில பாத்தா இந்தப் பொண்ணு எழுதினது."

எழுதிய பெண் அங்கே இல்லை என்பதுதான் விஷயம். அந்த வகுப்பு நடந்தபோது ஈவ் பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. ஆனால் படிக்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். அம்மாவின் சின்ன வயதுப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு, அவர் என்ன நினைத்தார் என்பது வரை எழுதுவார். சரித்திர ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது. எனக்கும் சில இடங்களில் நெருடுகிறது. அப்பா அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய கதையைப் பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்றும் தோன்றுகிறது.

மாலையில் விஸ்துலா ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கும் சிலையைப் பார்த்தோம். 2014ல் வைத்தது. கையில் அவர் கண்டுபிடித்த போலோனியம் என்ற தனிமத்தின் அணு மாதிரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அத்தைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, "விளம்பரப் பொம்மை மாதிரி இருக்கு" என்றார். இரவுச் சாப்பாடு ஒரு பால் பாரில். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைதான். உருளைக்கிழங்கும் தயிர்ப் பாலாடையும் வைத்த பியரோகி, பீட்ரூட் சூப். சைவக்காரர்கள் தாராளமாகப் போகலாம். சூப்பில் மாமிசச் சாறு சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன், வார்சா

காலையில் கிராகோவ்ஸ்கியே ப்ரெட்மியேஷ்சியே. வாயில் நுழையாத பெயர், அழகான சாலை. 66ஆம் எண்ணில் அந்தக் காலத்தில் தொழில், வேளாண்மை அருங்காட்சியகம் இருந்தது. அதன் சோதனைக் கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் மரியாவின் உறவினர் யூசெஃப் போகுஸ்கி. 1890, 91ல் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மரியா இங்கே வந்து சோதனைகள் செய்து பழகினார். அருங்காட்சியகம் என்ற பெயர் வசதியாக இருந்தது. போலந்துக்காரர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ரஷ்ய அதிகாரிகளுக்குச் சந்தேகம் வராது.

அதற்கு முன் அவர் கிராமத்தில் ஒரு வசதியான குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்கா பிரோன்யாவுக்குப் பாரிஸில் மருத்துவம் படிக்க ஆசை. நான் சம்பாதித்து உனக்கு அனுப்புகிறேன், நீ டாக்டரானதும் என்னைக் கூப்பிட்டுக்கொள் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வேலை பார்த்த வீட்டின் மூத்த மகன் காஸிமியர்ஸ் ஜோராவ்ஸ்கிக்கும் மரியாவுக்கும் காதல். பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சம்பளத்துக்கு இருக்கும் பெண் மருமகளா என்று. அந்தப் பையன் பின்னாளில் பேர் பெற்ற கணிதப் பேராசிரியர் ஆனார். மரியா அதற்குப் பிறகும் அதே வீட்டிலேயே வேலையைத் தொடர்ந்தார், அக்காவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே. எனக்கு இந்தப் பகுதி ரேடியத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. கையைச் சுடும் உலோகத்தோடு வேலை செய்வது ஒரு துணிச்சல். வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டு மேஜையில் தினமும் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு வகை.

மதியத்துக்கு மேல் வாவெல்ஸ்கா தெரு, ரேடியம் நிறுவனம். மேரிக்குச் சொந்த ஊரில் ஒரு ஆய்வு நிறுவனம் வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 1925ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ஒரு கிராம் ரேடியம் வாங்க அமெரிக்காவில் பணம் திரட்டினார்கள். 1929ல் மேரியே போய் வாங்கி வந்தார். 1932 மே மாதம் திறப்பு. பொறுப்பேற்று நடத்தியவர் அக்கா பிரோன்யா. கொடுத்த வாக்கு இரண்டு பக்கமும் நாற்பது வருடம் நின்றிருக்கிறது.

கட்டடத்துக்கு முன்னால் 1935ல் வைத்த சிலை. நேற்றுப் பார்த்ததைப் போல் அலங்காரம் இல்லை. வயதான மேரி, நீண்ட உடை, சோர்ந்த தோள். கிட்டே போனால் மேனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். துப்பாக்கிக் குண்டுகள். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்களோடு சேர்ந்திருந்த ஒரு துணைப்படை இந்த மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றது. சிலையைப் பிறகு சீர் செய்தவர்கள் குண்டுக் காயங்களை மூடாமல் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அத்தை எட்டிய ஒரு பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனி உள்ளே போகும் அளவு. உடனே கையை எடுத்துக்கொண்டு, "உள்ளே இன்னைக்கும் கேன்சர் வைத்தியம் பாக்குறாங்களா?" என்று கேட்டார். நிறுவனத்தின் பெரும் பகுதி நகரத்தின் வேறு மூலைக்கு மாறிவிட்டது என்று சொன்னேன்.

விடுதிக்குத் திரும்பும் ட்ராமில் தேதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேரி இறந்தது 1934 ஜூலை. அதற்குப் பிறகு ஈவ் போலந்துக்கு வந்து கடிதங்களையும் நினைவுகளையும் சேகரிக்கிறார். அப்போது மேரியின் அண்ணன் யூசெஃப் மாமா (போகுஸ்கி வேறு), பிரோன்யா பெரியம்மா, ஹெலேனா பெரியம்மா மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். மாமா 1937ல் போய்விட்டார், பிரோன்யா 1939ல். அப்புறம் போர், அப்புறம் தீ. ஈவ் ஆற அமர எழுதலாம் என்று பத்து வருடம் தள்ளிப் போட்டிருந்தால் இந்த ஊரில் கேட்க ஒருவர்தான் மிஞ்சியிருப்பார், காட்டத் தெருவே இருந்திருக்காது. மேரி தன்னைப் பற்றித் தானே எழுதியது கொஞ்சம்தான். கணவரைப் பற்றி எழுதிய சிறு நூலின் அமெரிக்கப் பதிப்புக்காகச் சில பக்கங்கள் சேர்த்தார், அவ்வளவே. துக்கம் ஆறுவதற்கு முன்பே மகள் பேனாவை எடுத்ததை அவசரம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊருக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம்.

வியாழன், வழியில்

வார்சாவிலிருந்து பாரிஸ், விமானத்தில் இரண்டரை மணி நேரம். 1891ல் மரியா ரயிலில் போனார். ஜெர்மனி வழியே நான்காம் வகுப்பு, அதில் உட்கார இருக்கை கிடையாது. மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வழிச் சாப்பாடு, போர்வை எல்லாம் சுமந்துகொண்டுதான் போனார். அப்போது வயது 24 ஆகப் போகிறது. எங்களுக்கு நடந்த ஒரே சங்கடம், அத்தையின் ஊறுகாய்ப் பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டதுதான்.

வெள்ளி, பாரிஸ்

கியூரி அருங்காட்சியகம் புதன் முதல் சனி வரை, மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும். கட்டணம் இல்லை. தெருவின் பெயரே பியர் மேரி கியூரி தெரு. ரேடியம் நிறுவனத்தின் தரைத்தளத்தில் மேரியின் அலுவலக அறையும் பக்கத்தில் அவருடைய வேதியியல் கூடமும். கட்டடம் 1914 கோடையில் முடிந்தது, முடிந்த கையோடு உலகப் போர். ஜெர்மானியர்கள் பாரிஸை நெருங்கியபோது பிரான்சின் ரேடியக் கையிருப்பை ஈயப் பெட்டியில் வைத்து ரயிலில் போர்தோவுக்கு எடுத்துப்போய் ஒப்படைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

கூடம் சிறியது. வெள்ளை ஓடு பதித்த மேஜை, கண்ணாடிக் குடுவைகள். 1981ல் கதிரியக்கத் தடயங்களைச் சுத்தம் செய்த பிறகுதான் இதைப் பொதுமக்களுக்குக் காட்ட முடிந்தது. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். அவசரப்பட்டுப் பயனில்லை.

1921ல் அமெரிக்கா கொடுத்த ஒரு கிராம் ரேடியம் வந்த பெட்டியும் இங்கே உண்டு. அந்தக் கதையை மறக்கக் கூடாது. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு கியூரி தம்பதி காப்புரிமை வாங்கவில்லை. விளைவு, கண்டுபிடித்தவரிடமே ஆராய்ச்சிக்குப் போதுமான ரேடியம் இல்லை, ஒரு கிராம் லட்சம் டாலர். பத்திரிகையாளர் மிஸ்ஸி மெலோனி அமெரிக்கப் பெண்களிடம் அந்தப் பணத்தைத் திரட்டினார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஹார்டிங் கையால் ஒப்படைக்கும் விழா. முந்தின நாள் மாலை பத்திரத்தைப் படித்துப் பார்த்த மேரி, இது என் பெயருக்கு இருக்கிறது, நான் செத்தால் என் மகள்களின் சொத்தாகிவிடும், ஆய்வுக்கூடத்துக்கு என்று மாற்றி எழுதுங்கள் என்று சொல்லி, அன்று இரவே வக்கீலைப் பிடித்து மாற்றவைத்தார். அந்த மகள்கள் இரண்டு பேரும் அதே பயணத்தில் கூடவே இருந்தார்கள். ஈவுக்கு வயது 16. சொத்து கைநழுவியதைக் குறையில்லாமல், கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறார்.

ஒரு அலமாரி நிறைய அந்தக் கால ரேடியப் பைத்தியம். தோ-ரேடியா என்ற முகக் கிரீம். 'டாக்டர் கியூரி' செய்முறை என்று போட்டு விற்றார்கள். அந்த ஆல்ஃப்ரெட் கியூரிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இங்கேயிருந்து நடக்கும் தூரத்தில் வோக்லான் தெருவில் இயற்பியல், வேதியியல் கல்லூரி. போலோனியமும் ரேடியமும் பிறந்த இடம். 1898 ஜூலையில் முதலாவது, டிசம்பரில் இரண்டாவது. ரேடியத்தைப் பிரித்தெடுத்த கொட்டகை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள், அடையாளக் கல்தான். ஒழுகும் கூரை, புகைபோக்கி கிடையாது, நச்சுப் புகை வரும் வேலையை முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் ஒஸ்ட்வால்ட் வந்து பார்த்துவிட்டு, இது மாட்டுத் தொழுவமா உருளைக்கிழங்குக் கிடங்கா என்று திகைத்துப்போனார்.

அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்து பாடம் எடுத்துவிட்டார். பொஹிமியாவிலிருந்து பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவின் கழிவு மூட்டை மூட்டையாக வரும், டன் கணக்கில். ஒரு தடவைக்கு 20 கிலோ வரை எடுத்துக் காய்ச்சி, தன் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் கம்பியால் கிளறிக் கரைத்து வடிக்க வேண்டும். கடைசியில் பேரியமும் ரேடியமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம், வேதியியலில் பிரிப்பது கஷ்டம். ஆனால் ரேடியம் குளோரைடு தண்ணீரில் கொஞ்சம் குறைவாகக் கரையும். அதனால் கரைசலைக் குளிரவிட்டால் முதலில் உறையும் படிகத்தில் ரேடியம் பங்கு கூடுதலாக இருக்கும். பதநீர்ப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் கற்கண்டு மட்டும் நூலைப் பிடித்துக்கொள்கிறதே, அந்த வேலைதான். படிகத்தை எடுத்துத் திரும்பக் கரை, திரும்ப உறையவிடு. "ஆயிரம் தடவைக்கு மேல செய்யணும்டா. ஸ்கூல் லேப்ல நாலு தடவை செய்யச் சொன்னா பிள்ளைங்க அழுதுரும்." 1902ல் மேரியிடம் இருந்தது பத்தில் ஒரு பங்கு கிராம் ரேடியம் குளோரைடு. அணு எடை 225 என்று கணக்குச் சொன்னார். இன்று நாம் 226 என்கிறோம். அந்தக் கொட்டகைக்கு ஒரு எண் வித்தியாசம் பெரிதே இல்லை.

ஈவுக்கு இந்தக் கொட்டகை கதைதான். 1904 டிசம்பரில் அவர் பிறந்தபோது முதல் நோபல் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கா ஐரீன், அம்மாவோடு கூடத்துக்குள் போய்விட்டார். 17 வயதில் போர்முனையில் அம்மாவின் எக்ஸ்ரே வண்டியோடு சுற்றியவர், பின்னால் கணவரோடு 1935ல் நோபலும் வாங்கினார். ஈவ் பியானோ வாசித்தார், இசை விமர்சனம் எழுதினார், நன்றாக உடுத்திக்கொண்டார். அம்மாவுக்கு மகளின் குதிகால் செருப்பும் உதட்டுச்சாயமும் புரியவே இல்லை. இந்தத் தள்ளி நிற்றல்தான் புத்தகத்தின் பலம் என்று நினைக்கிறேன். ஐரீன் எழுதியிருந்தால் நல்ல அறிவியல் கிடைத்திருக்கும். அம்மா தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு நள்ளிரவு வரை வேலை செய்ததை, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் எழுத முடியும். கூட உட்கார்ந்து வேலை செய்தவருக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது.

சனி, சோ, பிறகு பான்தியோன்

சோ பாரிஸுக்குத் தெற்கே அமைதியான புறநகர், ஆர்.இ.ஆர். பி ரயிலில் அரை மணி நேரம். 1895 ஜூலை 26ல் இங்கே நகர மன்றத்தில்தான் பியருக்கும் மேரிக்கும் கல்யாணம். தேவாலயம் இல்லை, மோதிரம் இல்லை. கரு நீல உடை. பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று. கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்புப் பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி ஊர் சுற்றப் போனார்கள்.

1906 ஏப்ரல் 19ல் மழையில் தோஃபீன் தெருவைக் கடக்கும்போது சரக்குக் குதிரை வண்டி ஏறிப் பியர் இறந்தார். ஈவுக்கு அப்போது 16 மாதம். மேரி மகள்களையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு சோவுக்கே குடிவந்தார். கல்லறை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக.

அந்த வீட்டு வாசலில்தான் 1911 நவம்பரில் கூட்டம் கூடியது. பியரின் பழைய மாணவர் பால் லான்ஜ்வான், கல்யாணமானவர், மனைவியோடு ஒத்துப்போகாதவர். அவருக்கும் மேரிக்கும் இருந்த உறவு நவம்பர் 4ல் பத்திரிகையில் வந்தது. அயல்நாட்டுக்காரி பிரெஞ்சுக் குடும்பத்தைக் கெடுத்தாள் என்று எழுதினார்கள். மூன்று நாள் கழித்து இரண்டாவது நோபல் அறிவிப்பு, வேதியியலுக்கு. வாசலில் கூச்சல். மேரி பிள்ளைகளோடு கிளம்பிப் போய் நண்பர்களான போரெல் குடும்பத்திடம் தஞ்சம் புகுந்தார். ஸ்வீடனிலிருந்து நோபல் குழுவைச் சேர்ந்த அர்ரேனியஸ் கடிதம் போட்டார், இப்போதைக்குப் பரிசு வாங்க வர வேண்டாம் என்று. பரிசு ரேடியத்துக்கும் போலோனியத்துக்கும்தான், என் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் எழுதிவிட்டு மேரி போய் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவும் நடக்கும்போது ஈவுக்கு ஏழு வயது ஆகப் போகிறது. புத்தகத்தில் இதற்குச் சில பத்திகள்தான். அம்மாவைத் தற்கொலை விளிம்பு வரை தள்ளிய அவதூறு என்று கோபமாக எழுதுகிறார். என்ன அவதூறு, யாரைப் பற்றி என்று ஒரு சொல் இல்லை. இந்த இடத்தில் நான் ஈவோடு சண்டை போடுகிறேன். அவர் மறைத்ததால்தான் கடிதங்களும் ஆவணங்களும் பிற்காலத்தில் வெளிவந்தபோது ஏதோ குட்டு உடைந்த மாதிரி ஆனது. அதற்குள் மேரி கல்லில் செதுக்கிய தவசி ஆகிவிட்டார். 38 வயதில் கணவரை இழந்த பெண்ணுக்கு 43 வயதில் இன்னொருவர் மேல் அன்பு வந்தது என்று மகளே எளிமையாக ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா செத்து மூணு வருஷம்கூட ஆகல. அந்த மனுசன் உசுரோட இருக்காரு. அவரு பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க. நீயா இருந்தா எழுதுவியாடா?"

"எழுதாம இருந்திருக்கலாம் அத்தை. ஆனா அவதூறுன்னு ஏன் எழுதணும்?"

"பொண்ணு பின்ன என்னன்னு எழுதுவா?"

சோ கல்லறையில் ஐரீனும் ஃப்ரெடெரிக் ஜோலியோவும் இருக்கிறார்கள். ஐரீன் 1956ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். மேரியும் பியரும் இங்கேதான் இருந்தார்கள், 1995 ஏப்ரல் 20 வரை. அன்று பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான், போலந்து ஜனாதிபதி வவென்சா எல்லோரும் பார்க்க, பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பான்தியோனுக்கு மாற்றினார்கள். தன் சாதனைக்காகவே அங்கே இடம் பெற்ற முதல் பெண் மேரி. சவப்பெட்டியைத் தோண்டி எடுத்தபோது கதிர்வீச்சை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அவரைக் கொன்ற ரத்தசோகைக்கு ரேடியத்தைவிடப் போர்க்காலத்து எக்ஸ்ரே வேலையே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அதற்குப் பிறகு வலுத்தது.

மாலையில் பான்தியோன் நிலவறை. இருவரும் ஒரே அறையில், ஒன்றன் மேல் ஒன்று. சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டிய பூங்கொத்து, போலந்துப் பயணிகள் வைத்தது. அப்படியே நடந்தால் இன்னொரு பெயர் கண்ணில் படுகிறது: பால் லான்ஜ்வான். 1948ல் இங்கே கொண்டுவந்தார்கள். ஐரீனின் மகள் ஹெலனுக்கும் லான்ஜ்வானின் பேரன் மிஷெலுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் இயற்பியலாளர்கள். புத்தகம் சொல்லாத பெயரைப் பேத்தி தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அத்தை கை காட்டி, "பாத்தியா, குடும்பத்துக்குள்ள அவங்க தீத்துக்கிட்டாங்க" என்றார்.

ஞாயிறு, பாரிஸ்

சான் லூயி தீவு, பெத்யூன் படித்துறைச் சாலை 36. மேரி 1912 முதல் கடைசி வரை வாழ்ந்த இடம். வெளியே பெயர்ப் பலகை, உள்ளே விடமாட்டார்கள். கீழே செய்ன் ஆறு. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி. அகன்ற, அதிகம் சாமான் இல்லாத வீடு என்று ஈவ் எழுதியிருக்கிறார். பியானோ மட்டும் பெரியது, அது ஈவுக்காக வாங்கியது.

1934ல் காய்ச்சல் விடாமல் அடிக்க, காசநோய் என்று சந்தேகப்பட்டு ஆல்ப்ஸ் மலை சான்சல்மோஸ் விடுதிக்குக் கூட்டிப்போனவர் ஈவ்தான். அங்கே ரத்தம் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜூலை 4ல் மேரி இறந்தபோது பக்கத்தில் இருந்ததும் ஈவ். சோவில் அடக்கம் செய்தபோது பிரோன்யாவும் யூசெஃபும் போலந்து மண்ணைத் தூவினார்கள்.

புத்தகத்தோடு ஈவின் கதை முடியவில்லை. 1940ல் பிரான்ஸ் விழுந்ததும் லண்டனுக்குப் போய் டி கோல் பக்கம் சேர்ந்தார். ஜெர்மனிக்குப் பணிந்த பிரான்சின் விஷி அரசு 1941ல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. போர் நிருபராக ஆப்பிரிக்கா, ரஷ்யா, சீனா என்று சுற்றினார். 1942ல் இந்தியாவுக்கும் வந்து காந்தியையும் நேருவையும் சந்தித்தார். 1954ல் அமெரிக்கர் ஹென்றி லபூயிஸைத் திருமணம் செய்துகொண்டார். யூனிசெஃப் தலைவராக லபூயிஸ்தான் 1965ல் அந்த அமைப்புக்கான அமைதி நோபலை ஏற்றுக்கொண்டார். வீட்டில் நோபல் இல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று ஈவ் சிரித்துக்கொண்டே சொல்வாராம். 2007ல் நியூயார்க்கில் இறந்தபோது வயது 102. வெள்ளிக்கிழமை பார்த்த அருங்காட்சியகத்தை 2012ல் புதுப்பித்ததும் அவர் விட்டுச்சென்ற பணத்தில்தான்.

இரவு விமானம். சான்சல்மோஸ் போகவே ரயிலில் அரை நாள் ஆகும் என்கிறார்கள், இந்த முறை முடியாது. அத்தை அதை அடுத்த வருடக் கணக்கில் எழுதிவிட்டார். லான்ஜ்வான் விஷயத்தில் நான் சொன்னதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.